முன்னால் போகும் டாங்கி

தேநீருக்கு நன்றி, மேஜர் அவர்களே. கோப்பையின் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்ததைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கோப்பை சுத்தமாகத்தான் இருக்கிறது. என் அப்பா மூன்ஸ்டர் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். மருந்து நிறுக்கும் தட்டைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவுவார், தொட்ட பின்னும் கழுவுவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடச் சண்டையில் எதையெதையோ விட்டுவிட்டேன். இதை மட்டும் விட முடியவில்லை.

ஒரே கம்பெனியில் வேறுவேறு ரக டாங்கிகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தோம் என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்கிறேன். அந்த டாங்கிகளில் பெரும்பாலானவை இப்போது உங்கள் வயல்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன, மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் உங்களுக்கு டாங்கிகள் மேல் மட்டும்தான் அக்கறை என்று நான் நம்பவில்லை. என் பீரங்கிக்காரன் ப்ரெட்ஷ் பக்கத்துக் கைதிக் கொட்டகையில் இருக்கிறான். எனக்கு முன்னால் அவனை விசாரித்திருப்பீர்கள். அவன் சட்டென்று அழுதுவிடுகிற ஆள். எதையும் வால் பக்கத்திலிருந்து பிடித்து இழுப்பான். நான் தலைப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் நடந்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது உங்களுக்குப் புரியும்.

நாற்பத்து மூன்றாம் வருட வசந்தத்தில், உங்கள் நாட்டு டோனெட்ஸ் ஆற்றங்கரையில் அந்தக் கம்பெனி என் கைக்கு வந்தது. என் பெயர் கோன்ராட் ஓவர்டீக், கேப்டன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் இரண்டு ரகம் இருந்தது. மூன்றாம் ரகம் பழையது. அதன் பீரங்கி சிறியது. உங்கள் டாங்கியின் முகத்தில் அந்தக் குண்டு பட்டால் தீப்பொறி பறக்கும், அவ்வளவுதான். துளைக்க வேண்டுமானால் பக்கவாட்டில் வந்து, ஒட்டி நின்று சுட வேண்டும். நான்காம் ரகத்துக்குக் குழல் நீளம், குண்டு கனம். தூரத்தில் நின்றபடியே உங்கள் டாங்கியின் நெற்றியை உடைக்கும்.

எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தார். பழையவை ஒரு பிளாட்டூன், புதியவை இன்னொரு பிளாட்டூன். பார்க்க அழகாக இருக்கும். பழைய பிளாட்டூன் உங்கள் டாங்கிகள் எதிரில் தனியாக மாட்டிக்கொண்டால் ஒன்றுகூடத் திரும்பாது. புதிய பிளாட்டூன் தனியாகப் போனால், புதருக்குள் ஒளித்து வைத்த டாங்கி எதிர்ப்பு பீரங்கி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் விலை உயர்ந்த வண்டிகளை இழக்கும். அவரும் அப்படித்தான் போனார், ஒரு சூரியகாந்தி வயலில்.

பட்டறையை நடத்திய ஹாவெமனுக்கு இரண்டு ரகமும் தலைவலி. குண்டு வேறு, சங்கிலிப் பட்டை வேறு, உருளை வேறு. நான் பொறுப்பேற்ற அன்று என்னிடம் புலம்பினான்.

“ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பு சார் என்னோடது. ஒருத்திக்கு வாங்குன செருப்பு இன்னொருத்தி காலுக்குப் பத்தாது. நொண்டும்போது மட்டும் ரெண்டு பேரும் சேந்து நொண்டுவாளுங்க.”

நான் இரண்டையும் கலந்தேன். ஒவ்வொரு பிளாட்டூனிலும் பாதி பழையது, பாதி புதியது. பழையவை முன்னால் போகும். நீளக் குழல்காரர்கள் பின்னால், மேட்டிலோ மரங்களுக்கிடையிலோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒளிந்திருக்கும் பீரங்கி சுடும்வரை யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே அது யாரையாவது சுட்டாக வேண்டும். சுட்ட அடுத்த நொடி புகை தெரியும், பளிச்சென்று நெருப்பு தெரியும். நீளக் குழல்காரர்கள் அதை முடித்துவிடுவார்கள். பழைய ரகம் எப்படியும் நெருங்கிப் போனால்தான் பிரயோஜனம். நெருங்கிப் போகிறவன் முதலில் போகட்டும் என்பதில் என்ன தவறு?

முதல் தடவையே பலித்தது. ஒரு பள்ளத்தாக்கின் வாயில் பழைய டாங்கிகள் இரண்டு எரிந்தன. உங்கள் பீரங்கி வரிசை மொத்தமும் போனது. நீளக் குழல்களில் ஒன்றுக்குக்கூடக் கீறல் இல்லை. ரெஜிமெண்டுத் தலைவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்ற கம்பெனிக்காரர்களும் வந்து கேட்டுப்போனார்கள். முன்னால் போகிறவர்களுக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘புழு’. தூண்டில் முள்ளில் கோத்த புழு. படைவீரர்களின் வாயைத் தைக்க முடியாது.

எந்தக் குழு எந்த டாங்கியில் ஏறுவது என்பது கம்பெனித் தலைவனின் முடிவு. நல்ல பீரங்கிக்கு நல்ல குழு என்று வைத்தேன். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். நீளக் குழல்களில் ஏறியவர்கள் ஒழுங்கானவர்கள். தண்ணீர் கிடைத்தால் சவரம் செய்வார்கள், காலுறையைத் துவைத்துக் காயப்போடுவார்கள். பழைய டாங்கிகளில் மீதிப்பேர். அவர்களில் ஒருவனுக்குக் காதிலிருந்து எப்போதும் சீழ் வடியும், அதைச் சட்டைக் கையில் துடைத்துக்கொள்வான். ஒரு ஓட்டுநர் பேசினால் எச்சில் தெறிக்கும். ஒருவன் தூக்கத்தில் கால்சட்டையை நனைத்துவிடுவான், காலையில் அதே கால்சட்டையோடு வரிசையில் நிற்பான். இதெல்லாம் போரில் சகஜம் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். நான் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் அதற்காக அல்ல. அசுத்தமாக இருக்கிறவன் கவனக்குறைவாகவும் இருப்பான் என்பது என் அனுபவம்.

ரூப்சாமைப் பற்றி ப்ரெட்ஷ் நிறையச் சொல்லியிருப்பான்.

ஆலோயிஸ் ரூப்சாம் ஒரு சார்ஜெண்ட். பவேரியாவின் கிழக்கு ஓரத்துக்காரன். ஊரில் அவன் செய்தது குடல் கழுவும் தொழில். பன்றிக் குடலை உப்பிட்டு, சுரண்டி, வாயால் ஊதிப் பார்த்து, குடலுக்குள் இறைச்சி அடைத்து விற்கும் தொத்திறைச்சிக்காரர்களுக்குக் கொடுப்பான். வாயால் ஊதித்தான் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். சாப்பிடும்போது அதை விளக்குவான். பெரிய உடம்பு, குட்டையான விரல்கள், நகத்தைச் சுற்றி எப்போதும் ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கும். பன்றிக்கொழுப்பைக் கட்டை விரலால் ரொட்டியில் தேய்ப்பான். கழுத்தில் கட்டி வந்தால் சட்டைப்பைக் கத்தியால் தானே கீறுவான், கத்தியைத் தொடையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அதே கத்தியால் வெங்காயம் நறுக்குவான். நறுக்கியதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீட்டுவான். அவர்களும் வாங்கித் தின்பார்கள். எனக்கு அதுதான் புரியவே இல்லை.

ஒருநாள் என் அலுமினியக் கோப்பையை எடுத்து, அதிலிருந்த காப்பியில் பாதியைக் குடித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

“மன்னிச்சுக்குங்க கேப்டன் சார், தொண்டை காஞ்சு போச்சு. உங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன்.”

மீசையிலிருந்து ஒரு சொட்டு அந்தக் கோப்பைக்குள் விழுந்ததை நான் பார்த்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவன் போனதும் கோப்பையை ஆற்றில் எறிந்தேன். அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். வயிறு சம்பந்தப்பட்ட விஷயம் அது.

அவன் திறமையான ஆள்தான். நான் ஒருபோதும் மறுத்ததில்லை. நிலத்தை முகர்ந்தே பீரங்கி எங்கே இருக்கும் என்று சொல்கிறவன். என் கீழிருந்த லெப்டினன்ட் ஸைபோல்ட் அதைப் பற்றி ஒருமுறை பேச்செடுத்தான்.

“சார், ரூப்சாமுக்கு ஒரு நீளக் குழல் குடுத்தா என்ன? நம்ம கம்பெனியிலயே அவன மாதிரி கண்ணு யாருக்கும் கிடையாது.”

“அதனால்தான் முன்னால் வைத்திருக்கிறேன்,” என்றேன். “முன்னால் போகிறவனுக்கு அனுபவம் வேண்டும்.”

“போன வாரம், அனுபவம் இல்லாதவங்கதான் முன்னால போகணும்னு சொன்னீங்களே சார்.”

“மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன்.”

ஸைபோல்ட் நல்ல குடும்பத்துப் பையன். சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

கோடையில் ரூப்சாமின் டாங்கி அடிக்கடி அடிபட்டது. ஒருமுறை சங்கிலி போனது. ஒருமுறை என்ஜின் எரிந்தது. ஒருமுறை அவன் ரேடியோக்காரனின் தலை போனது, அந்த ஆளை அவன் முதுகில் சுமந்துகொண்டு வயலைக் கடந்து வந்தான். செத்தவனைத் தூக்கிக்கொண்டு வருவானேன் என்று கேட்டேன். “அங்கயே போட்டா காக்கா கொத்தும் சார்” என்றான். அவன் முதுகெல்லாம் நனைந்து காய்ந்திருந்தது. அந்தச் சட்டையை அவன் மாற்றவில்லை, வேறு சட்டை இல்லை என்று சொன்னான். இரண்டு நாள் காற்று என் பக்கமாக வீசியபோதெல்லாம் எனக்குக் குமட்டியது.

ஒவ்வொரு முறையும் அவன் திரும்பி வந்தான். ஒவ்வொரு முறையும் நான் அவனுக்கு இன்னொரு பழைய டாங்கி கொடுத்தேன். எனக்கு அதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

பழைய டாங்கிகள் அவ்வளவு எங்கிருந்து வந்தன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இலையுதிர் காலத்துக்குள் மற்ற கம்பெனிகளில் மூன்றாம் ரகம் காணாமல் போயிருந்தது. நான்காம் ரகம் ரயிலில் வந்துகொண்டிருந்தது. ஹாவெமன் என்னிடம் வந்து நின்றான்.

“சார், மத்தவங்க பழசையெல்லாம் பிரிச்சுக் கழட்டிட்டாங்க. நாம மட்டும் ஏன் அந்தப் பொணத்துக்கு ஊசி போட்டுட்டிருக்கோம்? என் ஆளுங்க புதுசப் பாக்க நேரமே இல்ல.”

“பழையதை முதலில் ஓடவிடு. புதியது காத்திருக்கட்டும்.”

“போதாக்குறைக்கு மூணாவது கம்பெனியில தூக்கிப்போட்டதையும் இழுத்துட்டு வரச் சொல்லியிருக்கீங்களாம்.”

“ஆமாம்.”

அவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தான். பிறகு, “அந்தச் செருப்பு இனி எந்தக் காலுக்குன்னு புரியல சார்” என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வழிமுறை நன்றாக ஓடும்போது அதைப் பாதியில் கைவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். ரூப்சாமுக்குக் கொடுக்கப் பழையது இல்லையென்றால் புதியதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. ஆனால் அது முக்கியக் காரணம் அல்ல.

பின்வாங்கல் தொடங்கியது. உங்களுக்கே தெரியும். ஒரு சதுப்பு நிலத்தின் நடுவே மண்கரை ஒன்று, அதன் மேல் ஒற்றைப் பாதை. உங்கள் ஆட்கள் முந்தின நாள் அதில் திரிந்ததாகச் செய்தி வந்தது. கண்ணிவெடி இருக்கலாம். அதைத் தோண்டிப் பார்க்கும் ஆட்கள் எங்களோடு இல்லை. பக்கத்தில் ஒரு ஊர் இருந்தது. கிழவர்களும் பெண்களும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். அவர்களைத் திரட்டி, கையில் பரம்படிக்கும் கட்டைகளையும் வண்டிச் சக்கரங்களையும் கொடுத்து, முன்னால் இழுத்துக்கொண்டு நடக்கவிடச் சொன்னேன். நான் கண்டுபிடித்த வழி அல்ல அது. பலரும் செய்தார்கள். நீங்கள் எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டீர்கள். நான் காத்திருக்கிறேன்.

சரி.

அவர்கள் கரையின் தலைப்பில் நின்றார்கள். ஒருவரும் அழவில்லை. ரூப்சாம் தன் டாங்கியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான்.

“கேப்டன் சார், இதுங்க இழுத்துட்டு நடந்து அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள வசந்தம் வந்துடும். எனக்குக் குளுருது. நான் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துடறேன்.”

“அவர்கள் முன்னால் போகட்டும். உத்தரவு.”

“முன்னால போறது என் வேல சார். அத எங்கிட்டருந்து புடுங்கி இந்தக் கிழவிங்களுக்குக் குடுக்கலாமா? பையனுங்க சிரிப்பானுங்க.”

நான் பதில் சொல்வதற்குள் திரும்பி நடந்தான். டாங்கியில் ஏறினான். தன் ஓட்டுநர் குட்னரிடம் ஏதோ சொன்னான். மற்ற மூன்று பேரையும் இறக்கிவிட்டான். குட்னர் இறங்க மறுத்ததை நானே பார்த்தேன். “டேய், நீயும் எறங்குடா, எனக்கும் ஓட்டத் தெரியும்” என்று ரூப்சாம் சொல்ல, “நீங்க ஓட்டுனா சேத்துலதான் விடுவீங்க, ஒக்காருங்கண்ணே” என்று அவன் சொன்னான். கூட்டத்தை ஒதுக்கிவிட்டு அந்தப் பழைய டாங்கி கரையில் ஏறியது. முனைவரை போனது. ஒன்றும் வெடிக்கவில்லை. திரும்பியும் வந்தது.

ஒரு கிழவி அவனிடம் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒன்றைக் கொடுத்தாள். தன் கந்தல் மேலாடைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். எங்கே வைத்திருந்தாளோ. அவன் அதை அப்படியே வாயில் வைத்துக் கடித்தான். தாடை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. கடித்த மிச்சத்தைக் குட்னருக்குக் கொடுத்தான். கம்பெனி முழுக்கச் சிரித்தது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வெள்ளரிக்காயை என்னால் மறக்க முடியவில்லை. உத்தரவு மீறப்பட்டதற்காகவோ மரியாதை போனதற்காகவோ நான் வருந்தினேன் என்று ப்ரெட்ஷ் சொல்லியிருந்தால் அது தப்பு. ஊரார் விஷயத்தில் ரூப்சாம் செய்தது சரியாகவே இருக்கலாம், நேரம் மிச்சமானது உண்மைதான். அந்த ஒழுகல்தான். மனிதன் என்றால் ஒரு விளிம்பு இருக்க வேண்டும். அவனுக்கு விளிம்பே இல்லை. எல்லாரோடும் கலந்துகொண்டே இருந்தான்.

குளிர்காலத்தில் மேலிடத்து ஆணை வந்தது. மூன்றாம் ரகம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், பட்டாலியன் முழுக்க நீளக் குழல். கலப்பு முடிந்தது. நான் தனிப்பட்ட முறையில் இரண்டை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார்கள். ஆகவே ரூப்சாமுக்கும் புதியது கிடைத்தது. சாயம்கூடச் சரியாகக் காயாத வண்டி. அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். குழலைக் கையால் தடவினான். கறை படும் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

“எவ்வளவு நீளம் பாருங்க சார்,” என்றான். “இனிமே நாங்க புழு இல்லையே?”

“இல்லை,” என்றேன்.

குட்னரும் மற்றவர்களும் அவன் முதுகில் தட்டிக் கூச்சல் போட்டார்கள். அவன் கண் கலங்கியிருந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அதே கையை என்னிடம் நீட்டினான். நான் கையுறை போட்டிருந்தேன். குலுக்கினேன்.

அதற்கடுத்த தாக்குதல் ஒரு காலை நேரம். பனி உருகிச் சேறாகக் கிடந்தது. எதிரே சரிவில் ஒரு ஊர், ஊருக்கு முன்னால் உச்சியில் இன்னும் பனி ஒட்டியிருந்த வைக்கோல் போர்கள். ரூப்சாமைத் தனியாக நடு வயலுக்கு அனுப்பினேன். எல்லா டாங்கியும் ஒரே ரகம் ஆனபின் யாரை அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அதையேதான் நானும் சொல்கிறேன். யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும். பழக்கப்பட்டவனை அனுப்பினேன்.

ஸைபோல்ட் ரேடியோவில் வந்தான். “சார், அவனத் தனியாவா? புகை போடட்டுமா?”

“வேண்டாம். புகை போட்டால் நமக்கும் தெரியாது.”

பிறகு ரூப்சாமின் குரல். மூச்சிரைத்தது. அவன் பேசும்போது எதையோ மென்றுகொண்டிருந்தான் என்று எனக்குத் தோன்றியது.

“சார், எடது பக்கத்து வைக்கோல் போருல ஏதோ தப்பா இருக்கு. மேல பனியே இல்ல. நேத்துதான் குவிச்சிருக்கானுங்க. பின்னால வந்துடட்டுமா?”

“அங்கேயே நில்.”

“நின்னா அடிச்சுடுவான் சார்.”

“நில்.”

மெல்லும் சத்தம் நின்றது. அப்புறம், “சரிங்க சார்” என்றான். குட்னரிடம் “நிறுத்துடா” என்று அவன் சொன்னதும் எனக்குக் கேட்டது. அவன் நின்றான். உங்கள் பீரங்கி அடித்தது. இடது வைக்கோல் போரேதான். அவன் சொன்னது சரி. எங்கள் நீளக் குழல்கள் அதைச் சுட ஆரம்பித்தன. என் வழிமுறை வழக்கம்போல வேலை செய்தது.

நான்கு பேர் வெளியே வரவில்லை. ஐந்தாமவன் வந்தான். எரிந்துகொண்டே சேற்றில் உருண்டான். எழுந்தான், விழுந்தான், கைகளை ஊன்றி வந்தான். அவனுக்கு மிக அருகில் இருந்தது என் டாங்கி. எங்கள் பின்புறமாக ஏறியிருக்க வேண்டும். மேலே கனமாக ஏதோ நகரும் சத்தம் வந்தது. அப்புறம் என் தலைக்கு நேர் மேலே, மூடியில் தட்டினான். அவன் கல்யாண மோதிரம் போட்டிருந்தான். உலோகத்தில் உலோகம் படும் சத்தம்.

ப்ரெட்ஷ் திரும்பிப் பார்த்தான். “சார். யாரோ தட்றாங்க.”

“கேட்டது.”

“ரூப்சாம் அண்ணன் சார். அவரு குரல் சார் அது.”

குரல் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் அவன் சொன்னது சரிதான். நான் மூடியை விரல் அளவு தூக்கினேன். நான் தூக்கவே இல்லை என்று ப்ரெட்ஷ் சொன்னால் நம்ப வேண்டாம். தூக்கினேன். ஒரு கை அந்த இடைவெளியில் வந்து பற்றியது. தோல் கழன்று கையுறைபோலத் தொங்கியது. வாடை உள்ளே இறங்கியது. அவன் உடம்பில் எப்போதும் இருந்த அந்த வாடைதான், கொழுப்பு, வெங்காயம், குடல், எல்லாம் ஒன்றாகக் கருகினால் எப்படி இருக்கும். அது என் வாய்க்குள் வந்துவிட்டது. நாக்கில் ருசியாகவே தெரிந்தது. இப்போது சொல்லும்போதும் தெரிகிறது. இந்தத் தேநீரை நான் முடிக்காததற்கு மன்னியுங்கள்.

அந்த விரல்களை வெளியே தள்ளிவிட்டு மூடியை இறக்கினேன். தாழைத் திருகினேன்.

“சார், தொறங்க சார்,” என்றான் ப்ரெட்ஷ். “கெஞ்சிக் கேக்கறேன் சார். நான் இழுத்துக்கறேன். என் எடத்துல போட்டுக்கறேன், நான் வெளிய ஒக்காந்துக்கறேன்.”

“உன் இடத்தில் உட்கார்.”

“மனுஷன் சார்.”

அவன் தாழை நோக்கிக் கை நீட்டினான். நான் கைத்துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரையும் குறிபார்க்கவில்லை. மடியில்தான் வைத்திருந்தேன். அவன் கையை இழுத்துக்கொண்டு, நெற்றியைப் பீரங்கியின் பின்புறத்தில் முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான். ஓட்டுநர் கீழே இறைவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மேலே தட்டுவது தொடர்ந்தது. முதலில் வேகமாக. பிறகு யாரோ வீட்டுக் கதவைத் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல் தட்டுகிற மாதிரி. பிறகு நின்றது.

காலையில் புறப்பட்ட ஆற்றங்கரைக்குத் திரும்பினோம். என்ஜின் மேலிருந்த இரும்புக் கம்பிவலை மேல் அவன் கிடந்தான். மருத்துவ ஆட்கள் அவனை எடுத்தார்கள், எடுத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். டாங்கியைக் கழுவச் சொன்னேன். அவர்கள் கழுவியது எனக்குத் திருப்தி தரவில்லை, மறுபடி கழுவச் சொன்னேன். ஹாவெமன் வாளியை என் காலடியில் வைத்துவிட்டு, “இத நீங்களே கழுவுங்க சார்” என்று சொல்லிப் போனான். படைச் சட்டப்படி அவனைத் தண்டித்திருக்கலாம். விட்டுவிட்டேன். நான் பழிவாங்குகிறவன் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸைபோல்ட் அன்று மாலை என் எதிரில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

“ஏன் சார்?” என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

சண்டையின் நடுவே மூடியைத் திறந்து ஒருவனை உள்ளே இழுக்க நேரம் பிடிக்கும், அதற்குள் எதிரி இன்னொரு குண்டு அடித்தால் ஐந்து பேர் போவோம், எரிந்து முடிந்த ஒருவனுக்காக ஐந்து பேரைக் கொடுக்க எந்தத் தலைவனுக்கும் உரிமை இல்லை என்று விளக்கினேன். அவன் எழுந்து போனான். அதன் பிறகு என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடவில்லை. என்னைப் பார்க்கும்போது அவன் உதடு லேசாகச் சுழித்துக்கொள்ளும், அழுகிய மீனை முகர்ந்தவன்போல. என்னைப் பார்த்து ஒருவன் அப்படி முகம் சுழிக்கக்கூடும் என்று நான் நினைத்ததே இல்லை. தினமும் சவரம் செய்துகொள்கிறவன் நான்.

நீங்களும் இப்போது அதே மாதிரி பார்க்கிறீர்கள், மேஜர். பரவாயில்லை. ஆனால் காரணம் என்று ஒன்று இருந்தது, அதை எழுதிக்கொள்ளுங்கள். எதிரி சுட்டுக்கொண்டிருந்தான், அதனால் மூடியைத் திறக்க முடியவில்லை. பட்டாலியனில் இதைத்தான் சொன்னேன், அவன் மனைவிக்கும் இதையேதான் சொல்லி அனுப்பினேன்.

ப்ரெட்ஷ் வேறு மாதிரி சொன்னானா?

அப்படியானால் ஒரு சிறு திருத்தம் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் துல்லியமாக இருக்கட்டும். அந்த வைக்கோல் போரை எங்கள் குழல்கள் அதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தன. வயலில் யாரும் சுடவில்லை. ஏதாவது கேட்கிறதா என்று பார்க்க நானே என்ஜினையும் அணைக்கச் சொல்லியிருந்தேன். அவ்வளவு அமைதியாக இருந்ததால்தான் அந்த மோதிரச் சத்தம் எனக்கு ஒன்று விடாமல் கேட்டது.